பல அடுக்கு வலைப்பின்னலில் விடுபட்ட இணைப்பைக் கணிக்க எந்த முறை? திருப்பூர் ஜாப் ஒர்க்கை வைத்து ஓர் ஒப்பீடு

கோவை, ஈரோடு, பெருந்துறைப் பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்ட் செய்கிறவர்களும், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "யார் யாரோடு தொழில் செய்கிறார்கள் என்ற தரவு நாலைந்து வகையில் கையில் இருக்கிறது. அதில் விட்டுப்போன இணைப்புகளைக் கணிக்க வேண்டும். பொது அண்டைகளை (இரண்டு பேருக்கும் பொதுவாகத் தொடர்புள்ளவர்களை) எண்ணினால் போதுமா, நியூரல் நெட்வொர்க் வரை போக வேண்டுமா?"

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது அந்த நடுவழிகளில் ஒன்றுதான். எது யாருக்கு என்பதைப் பார்க்க, திருப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு டி-ஷர்ட் நூலாகக் கிளம்பிப் பெட்டியில் அடங்குவதற்குள் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்ப்ராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கை மாறுகிறது. பல கம்பெனிகள் இதில் பாதியை வெளியே ஜாப் ஒர்க்குக்குத்தான் கொடுக்கின்றன. ஒவ்வொரு யூனிட்டையும் ஒரு கணு, அதாவது வலைப்பின்னலின் ஒரு புள்ளி, என்று வைத்தால், அவற்றுக்கிடையே ஒரே வகை இணைப்பு மட்டும் இல்லை. ஜாப் ஒர்க் ஓர் அடுக்கு. நூல் வாங்குவது இன்னொன்று. அவசரத்துக்குப் பணம் கைமாற்று வாங்குவது மூன்றாவது. சொந்தபந்தம் நான்காவது. கணுக்கள் அதேதான், அடுக்குக்கு அடுக்கு இணைப்புகள் வேறு. இதுதான் பல அடுக்கு வலைப்பின்னல்.

இந்தப் பார்வை புதிதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் நகரக் குடும்பங்களைப் பற்றி ஜான் பேட்ஜெட் திரட்டிய தரவில் 16 குடும்பங்கள், இரண்டு அடுக்குகள்: கல்யாணத் தொடர்பு 20, வியாபாரத் தொடர்பு 15. பெண் கொடுத்த வீட்டோடு வியாபாரமும் இருக்குமா என்று அங்கே கேட்ட கேள்வியைக் காங்கேயத்திலும் கேட்கலாம், பல்லடத்திலும் கேட்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கேள்வி எது. "விடுபட்ட இணைப்பு" என்று சொல்லும்போது மூன்று வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஏற்கெனவே இருக்கிறது, பதிவில் மட்டும் இல்லை என்பது ஒன்று. இன்று இல்லை, அடுத்த சீசனில் வரும் என்பது இரண்டு. இந்த இரண்டு யூனிட்டும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று சிபாரிசு செய்வது மூன்று. முதலாவதற்கு நன்றாக வேலை செய்யும் முறை மூன்றாவதில் அநியாயம் செய்துவிடலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் விடுபட்டது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புத்தகப் பாடத்தில், தெரிந்த இணைப்புகளில் பத்தில் ஒன்றை ஏதோ கண்ணை மூடி எடுத்து மறைத்துவிட்டு, மாடல் அதைத் திரும்பக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிப்பார்கள். நிஜத்தில் இணைப்பு அப்படி விடுபடுவதில்லை. "அவரு நம்ம பங்காளிங்க, அதுக்கெல்லாம் பில்லு எதுக்குங்க?" என்பதுதான் இங்கே ஓர் இணைப்பு பதிவாகாமல் போகும் விதம். சொந்தக்காரருக்குக் கொடுத்த தையல் வேலை, பத்து டஜன் அவசர வேலை, ரொக்கத்தில் முடிந்த வேலை, இவைதான் விடுபடுகின்றன. பெரிய கம்பெனிக்குப் போன வேலைக்கு டெலிவரி சலான் பத்திரமாக இருக்கும். ஆக விடுபட்டவை எல்லாம் சின்ன யூனிட்டுகள் பக்கமே குவிகின்றன. அதே பாங்கில் மறைத்துச் சோதிக்காவிட்டால், கம்ப்யூட்டரில் வரும் மதிப்பெண்ணுக்கும் தெருவில் நடப்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

காலமும் இதில் சேரும். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கை ஐடிசி-04 படிவத்தில் காட்டும் ஏற்பாடு அதோடு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள தரவை ஒன்றாகக் கொட்டினால், பதிவு கூடியதைத் தொழில் உறவு கூடியதாக மாடல் எடுத்துக்கொள்ளும். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்தச் சமயத்தில் அறுந்த இணைப்புகளை வைத்து "இவர்கள் ஒத்துப்போகாதவர்கள்" என்று மாடல் கற்றுக்கொண்டால் அது தப்பு.

முக்கோணம் மூடுமா. என் நண்பனின் நண்பன் எனக்கும் நண்பனாவான், முக்கோணத்தின் மூன்றாவது பக்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதுதான் பெரும்பாலான எளிய முறைகளின் அஸ்திவாரம். சொந்தபந்த அடுக்கில் இது சரி. ஜாப் ஒர்க் அடுக்கில் பெரும்பாலும் சரியில்லை. இரண்டு நிட்டிங் யூனிட்டுகள் ஒரே கம்பெனிக்குத் துணி ஓட்டுகின்றன என்றால் அவை ஒன்றுக்கொன்று வேலை கொடுப்பது அபூர்வம். இரண்டும் போட்டியாளர்கள்.

எத்தனை பேரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியும். கணக்குக்கு 500 யூனிட் என்று வைப்போம். ஜோடிகள் 1,24,750. தெரிந்த இணைப்பு 2,000, விடுபட்டது 200 என்றால் மீதி 1,22,550 ஜோடிக்கும் நிஜமாகவே தொடர்பில்லை. ஒரு மாடல் விடுபட்டதில் 60 சதவீதத்தைப் பிடிக்கிறது, தொடர்பில்லாததில் வெறும் 1 சதவீதத்தைத்தான் தப்பாகக் காட்டுகிறது என்றால் கேட்க அருமையாக இருக்கும். அதன் பட்டியலில் 120 சரி, 1,225 தப்பு. நூறு ஃபோன் போட்டால் ஒன்பது தேறும். அதனால் ஏயூசி (நிஜ இணைப்பைத் தொடர்பில்லாததற்கு மேலே வைக்கிறதா என்று அளப்பது) என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களால் விசாரிக்க முடிந்த முதல் ஐம்பது, நூறில் எத்தனை சரி என்று பாருங்கள்.

அப்புறம், ஏன் இந்த ஜோடி என்று கேட்டால் பதில் சொல்ல முடியுமா, நேற்று ஷட்டர் திறந்த புது யூனிட்டுக்கு ஏதாவது சொல்லுமா, ஒரு வருடம் கழித்து யார் பராமரிப்பார்கள் என்பவையும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

## வழி 1: எல்லா அடுக்கையும் ஒன்றாக்கி அண்டை எண்ணுவது

எந்த அடுக்கில் இணைப்பு இருந்தாலும் இணைப்பு என்று ஒரே வலைப்பின்னலாகத் தட்டிவிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுவான அண்டைகளை எண்ணுவது. சமூக வலைப்பின்னல்களில் இந்த வகை எண்களை லிபென்-நோவெல், கிளைன்பெர்க் இருவரும் 2003-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரண எண்கள் கூட, குருட்டாம்போக்கில் ஊகிப்பதைவிடப் பல மடங்கு மேல் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வெறுமனே எண்ணுவதைவிட எடை போட்டு எண்ணுவது நல்லது. ஊரே நூல் வாங்கும் ஒரு பெரிய நூல் கடை, 200 யூனிட்டோடு தொடர்புடையது. இரண்டு பேரும் அங்கே வாங்குகிறார்கள் என்பதில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றே பேருக்கு வேலை செய்யும் சின்ன எம்ப்ராய்டரி யூனிட் இருவருக்கும் பொது என்றால் அது கவனிக்க வேண்டிய சேதி. 2003-இல் வந்த ஆடமிக்-அடார் எண், அண்டையின் தொடர்பு எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து அதனால் 1-ஐ வகுக்கிறது. எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு 0.91, நூல் கடைக்கு 0.19. 2009-இல் வந்த வளப் பங்கீட்டு எண் மடக்கை எடுக்காமல் நேராக வகுக்கிறது. 0.33-க்கு எதிரே 0.005. நூல் கடை மாதிரி பெரிய மையங்கள் இருக்கும் கொங்குத் தொழில்களில் இரண்டாவதே பொருத்தம் என்பது என் கருத்து.

செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு லேப்டாப், ஒரு சாயங்காலம். விளக்கம் சொல்வதும் சுலபம்: "உங்கள் இருவருக்கும் பொதுவாக இன்னார் இருக்கிறார்."

மறைந்திருக்கும் செலவு அடுக்குகளைத் தட்டியதில் இருக்கிறது. சொந்தம் என்ற இணைப்பும் நூல் வரவு என்ற இணைப்பும் ஒரே எடையாகிவிட்டன. முக்கோணம் மூடும் அடுக்கும் மூடாத அடுக்கும் கலந்துவிட்டன. பட்டியலின் உச்சியில் போட்டி யூனிட்டுகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "எளிய முறை வேலைக்காகாது" என்று முடிவுகட்டி நியூரல் பக்கம் ஓடுகிறார்கள். குற்றம் எளிமையில் இல்லை, அடுக்கைக் கலைத்ததில் இருக்கிறது. புது யூனிட்டுக்கு அண்டையே கிடையாது என்பதால் இந்த முறை அதைப் பற்றி வாய் திறக்காது.

அடுக்குகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை, நாளைக் காலைக்குள் ஏதாவது ஒரு பட்டியல் வேண்டும், அல்லது மற்ற முறைகளை ஒப்பிட ஓர் அடிமட்டம் வேண்டும் என்றால் இது போதும்.

## வழி 2: அடுக்கு வாரியாக மதிப்பெண், பிறகு ஒரே மாடல்

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியாக மதிப்பெண் எடுங்கள். சொந்தபந்தத்தில் வளப் பங்கீட்டு எண். ஜாப் ஒர்க்கில் மூன்று எட்டுப் பாதை எண். ஒரே தெருவா, ஒரே வகை யூனிட்டா, எத்தனை மெஷின் என்பவையும் சேரட்டும். இத்தனையையும் ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷனிலோ ரேண்டம் ஃபாரஸ்ட்டிலோ கொடுத்தால், எந்த அடுக்குக்கு எவ்வளவு எடை என்பதை அதுவே கற்றுக்கொள்ளும்.

மூன்று எட்டுப் பாதை என்றது என்ன? முத்தூர் ரோட்டு கம்பெனி ஒன்றும் அவினாசி ரோட்டு கம்பெனி ஒன்றும் ஒரே நிட்டிங் யூனிட்டுக்கு வேலை கொடுக்கின்றன. அவினாசி ரோட்டு கம்பெனி இன்னொரு நிட்டிங் யூனிட்டுக்கும் கொடுக்கிறது. அப்படியென்றால் அந்த இரண்டாவது யூனிட்டுக்கும் முத்தூர் ரோட்டு கம்பெனிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அல்ல, அந்த யூனிட் முத்தூர் ரோட்டு கம்பெனியின் கூட்டாளியைப் போல இருப்பதால். புரதங்கள் ஒன்றோடொன்று சேர்வதைக் கணிக்கக் கோவாக்ஸ், பராபாசி குழுவினர் 2019-இல் இதையே பயன்படுத்தினார்கள். பூட்டும் சாவியுமாகப் பொருந்தும் புரதங்களுக்கு ஒப்புமை உதவாது, இந்தப் பாதைதான் உதவும் என்று காட்டினார்கள். வேலை கொடுப்பவரும் செய்பவரும் என்று இரு பக்கம் பிரிந்து நிற்கும் தொழிலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. இந்த ஒரே எண்ணைச் சேர்த்த பிறகு பட்டியலின் உச்சியிலிருந்து போட்டி யூனிட்டுகள் இறங்கிவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பல எண்களை அடுக்கிச் சேர்ப்பது நல்லதா, ஒரே சிறந்த எண்ணைத் தேடுவது நல்லதா என்பதற்கும் பதில் உண்டு. கசேமியன், கிளாசெட் குழுவினர் 2020-இல் 203 முறைகளை 550 வலைப்பின்னல்களில் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஜெயிக்கும் ஒற்றை முறை கிடைக்கவில்லை. முறைகளைச் சேர்த்துக் கற்ற மாடல் முன்னால் நின்றது. சமூக வலைப்பின்னல்களைக் கணிப்பது சுலபம், உயிரியல், தொழில்நுட்ப வலைப்பின்னல்களைக் கணிப்பது கடினம் என்பதும் அதில் தெரிந்தது. நம் ஜாப் ஒர்க் இந்த இரண்டு குணத்தையும் சுமக்கிறது.

மறைமுகச் செலவு இங்கே கசிவு. ஒரு ஜோடியின் இணைப்பை மறைத்துவிட்டுச் சோதிக்கிறீர்கள், ஆனால் மதிப்பெண்ணை மறைப்பதற்கு முந்தைய வலைப்பின்னலில் கணக்கிட்டிருக்கிறீர்கள். மாடல் விடையைப் பார்த்தே பரீட்சை எழுதுகிறது. பல அடுக்கில் இது இன்னும் நைசாக நடக்கும். டெலிவரி சலான் ஓர் அடுக்கு, பணப் பட்டுவாடா இன்னோர் அடுக்கு என்று வைத்தால், இரண்டும் ஒரே வியாபாரத்தின் இரு பதிவுகள். சலானை மறைத்துப் பட்டுவாடாவை விட்டுவைத்தால் 99 சதவீதம் கூட வரும், அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. மறைத்தால் இரண்டிலும் மறைக்க வேண்டும்.

சில நூறு முதல் சில பத்தாயிரம் கணு வரை, எக்செல்லில் அல்லது டாலியில் இருந்து எடுத்த தரவு, ஒன்றிரண்டு பேர் கொண்ட குழு. இந்த அளவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## வழி 3: பல அடுக்குக் குழு மாடல்

யூனிட்டுகள் சில மறைவான குழுக்களைச் சேர்ந்தவை, இரண்டு யூனிட்டுக்கு இணைப்பு வருமா என்பது அவற்றின் குழுக்களைப் பொறுத்தது என்று எடுத்துக்கொள்வது. இதற்கு அடிப்படை 1983-இல் ஹாலண்ட், லாஸ்கி, லைன்ஹார்ட் முன்வைத்த மாடல். பல அடுக்குக்கு இதை விரித்தவர்களில் முக்கியமானவர்கள் டி பாக்கோ, பவர், லாரெமோர், மூர் என்ற நால்வர், 2017-இல். அவர்கள் சோதித்த தரவுகளில் ஒன்று நம் பக்கத்தது. மானுடவியலாளர் எலினோர் பவர் தமிழ்நாட்டுக் கிராமங்கள் இரண்டில், யார் யாருக்கு என்ன உதவி செய்கிறார்கள் என்று வகை வகையாகக் கேட்டுத் திரட்டியது. ஊர்களின் நிஜப் பெயரை மறைத்திருக்கிறார்கள்.

ஒரு யூனிட் ஒரே குழுவில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, பலவற்றில் பங்கு வைத்திருக்கலாம். இந்தப் பங்கு எல்லா அடுக்குக்கும் பொது. குழுவுக்கும் குழுவுக்கும் உள்ள ஈர்ப்பு மட்டும் அடுக்குக்கு அடுக்கு மாறும். நிட்டிங் குழுவுக்குள்ளேயே ஜாப் ஒர்க் ஓடாது, ஆனால் கைமாற்று ஓடும் என்றால் மாடலால் அதைப் பிடிக்க முடியும். முக்கோணம் மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை.

எனக்கு இந்த முறையில் பிடித்தது வேறு. ஜாப் ஒர்க் அடுக்கை மட்டும் வைத்து ஒரு தடவை கணிக்கிறோம். பிறகு சொந்தபந்த அடுக்கைச் சேர்த்துக் கணிக்கிறோம். துல்லியம் ஏறினால் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஏறாவிட்டால் பேசவில்லை. சொந்தபந்தத்தைக் கேட்டு வாங்குவது சங்கடமான வேலை. அதை ஐந்நூறு பேரிடம் கேட்பதற்கு முன், ஐம்பது பேரிடம் கேட்டு இப்படி ஒரு தடவை பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

குழு எண்ணிக்கையை நாமே சொல்ல வேண்டும். தொடக்கப் புள்ளியை மாற்றினால் விடை மாறும், அதனால் பல தடவை ஓட்டிச் சிறந்ததை எடுக்க வேண்டும். குழுக்களுக்கு "இது சாயம், இது தையல்" என்று பெயர் வைக்கும் ஆசை வரும். மாடல் அப்படி எதையும் சொல்லவில்லை. பெயர் வைப்பதற்கு முன் ஊர் தெரிந்த ஒருவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். புது யூனிட்டுக்கு இதுவும் உதவாது.

## வழி 4: எம்பெடிங், கிராஃப் நியூரல் நெட்வொர்க்

ஒவ்வொரு கணுவையும் எண்களின் வரிசையாக மாற்றி, அந்த வரிசைகளை ஒப்பிடுவது. 2016-இல் வந்த நோட்2வெக் ஒரு தொடக்கம். பல அடுக்குக்கு நேராகப் பொருந்துவது 2018-இல் வந்த ஆர்-ஜிசிஎன். ஒவ்வொரு வகை இணைப்புக்கும் தனி எடைகளைக் கற்றுக்கொள்கிறது.

யூனிட்டுகளைப் பற்றிய விவரம் நிறைய இருந்தால் இதற்குப் பலம் கூடும். மெஷின் வகை, கேஜ், துணி எடை, தினசரி கிலோ, ஆள் எண்ணிக்கை இருந்தால், விவரத்தை மட்டும் வைத்தே புது யூனிட்டுக்கும் ஏதாவது சொல்லும். லட்சக்கணக்கில் கணுவும் இப்படி விவரமும் இருந்தால் இது முந்திப் போகும். ஐந்நூறு யூனிட்டுக்கு முந்துவது கஷ்டம், பெரும்பாலும் தரவை மனப்பாடம்தான் செய்யும்.

பலருக்குத் தெரியாத குறை ஒன்று. சாதாரண கிராஃப் நியூரல் நெட்வொர்க், சுற்றுப்புறம் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு யூனிட்டுக்கு ஒரே எண் வரிசையைக் கொடுத்துவிடும். ஒன்று அனுப்பர்பாளையத்தில், மற்றொன்று வீரபாண்டியில். எது உங்களுக்கு நெருக்கம் என்று அதற்குத் தெரியாது. ஜோடியைச் சுற்றிய சின்னப் பகுதியை வெட்டியெடுத்துப் படிக்கும் சீல் என்ற முறை, 2018, இதைச் சரி செய்கிறது, நேரம் கூடுதலாகத் தின்கிறது. ஜிபியு (நியூரல் மாடல்களை வேகமாக ஓட்டும் சிப்) வாடகை, தொடர்பில்லாத ஜோடிகளை மாதிரிக்கு எடுக்கும் விதம், சோதனை இணைப்பு பயிற்சிக்குள் கசிவது, எழுதியவர் வேலை மாறிப் போனால் யாராலும் தொட முடியாதது, இவையெல்லாம் செலவுதான்.

## ஒரே பார்வையில்

| | ஒன்றாக்கி எண்ணுவது | அடுக்கு வாரி மாடல் | குழு மாடல் | நியூரல் |
|---|---|---|---|---|
| அடுக்கு வேறுபாட்டை மதிக்கிறதா | இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| முக்கோணம் மூடாத அடுக்கு | தடுமாறும் | சரியான எண் சேர்த்தால் சரி | சரி | சரி |
| புது யூனிட் | முடியாது | விவரம் இருந்தால் ஓரளவு | முடியாது | விவரம் இருந்தால் முடியும் |
| ஏன் என்று விளக்கம் | மிகச் சுலபம் | சுலபம் | குழு அளவில் | கடினம் |
| பெரிய மறைமுகச் செலவு | போட்டியாளர்கள் உச்சியில் | கசிவு | பல தடவை ஓட்டுவது | ஆள், ஜிபியு, பராமரிப்பு |

## சொந்தபந்த அடுக்கைப் பற்றித் தனியாக

கணிப்பில் அதிகம் உதவக்கூடிய அடுக்கு இதுவாக இருக்கலாம், அதிகம் கெடுக்கக்கூடியதும் இதுவே. பதிவில் விட்டுப்போன வேலையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதத்தோடு தந்த தரவாக இருந்தால். ஆனால் "யாருக்கு ஜாப் ஒர்க் கொடுக்கலாம்" என்று சிபாரிசு செய்யும் மாடலில் இதைப் போடாதீர்கள். சொந்தம் என்றால் இங்கே சாதியும் கூடவே வரும். இன்னாருக்கு இன்னார் என்று ஏற்கெனவே இருப்பதை மாடல் கற்றுக்கொண்டு, அதையே "சிறந்த பொருத்தம்" என்று திருப்பிச் சொல்லும். டெய்லராக வந்து மெல்ல நாலு பவர் டேபிள் மெஷின் போட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவருக்கு, அந்த அடுக்கில் இணைப்பே இருக்காது. நல்ல தையல் இருந்தும் பட்டியலின் அடியில் கிடப்பார்கள். அடுக்கை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, தெருப் பெயரும் நூல் கடையும் அதையே மறைமுகமாகச் சொல்லும். அதனால் முதல் நூறு சிபாரிசில் புது யூனிட்டுகள் எத்தனை, சின்ன யூனிட்டுகள் எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாருங்கள். துல்லியத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதுங்கள்.

## எந்த நிலைமைக்கு எது

கல்லூரி புராஜெக்ட் என்றால் முதல் வழியை அடிமட்டமாக வைத்து, இரண்டாவதைச் செய்யுங்கள். நேரம் மிஞ்சினால் மூன்றாவதை வைத்து அடுக்குகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பாருங்கள். நியூரல் போட்டால்தான் வைவாவில் மதிப்பு என்று யாராவது சொன்னால், சலானும் பட்டுவாடாவும் சேர்த்து மறைத்துச் செய்த சோதனையைக் காட்டுங்கள். கேட்பவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அதைத்தான் மதிப்பார்.

பனியன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர் இரண்டாவதோடு நிற்கலாம். ஓனர் "ஏனுங்க, இந்த யூனிட்டை எதுக்குச் சொல்லுது?" என்று கேட்பார். அதற்கு ஒரு வரியில் பதில் இருக்க வேண்டும். அடுத்த சீசனைக் கணிப்பதாக இருந்தால் தரவைத் தேதி வாரியாகப் பிரித்து, பழையதில் கற்றுப் புதியதில் சோதியுங்கள்.

சங்கமோ ஆய்வு நிறுவனமோ ஊர் முழுக்கத் தொழில் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள விரும்பினால் மூன்றாவது. தனி ஜோடிகளைவிடக் குழுக்களுக்கிடையே உள்ள ஓட்டம்தான் அங்கே தேவை.

நான்காவது, பல ஊர்த் தரவும் விரிவான யூனிட் விவரமும் கையில் உள்ள, மாடலை மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் பெரிய தளங்களுக்கு. அவர்களும் இரண்டாவது வழியைப் பக்கத்தில் ஓட்டி, முதல் நூறில் எது எத்தனை பிடித்தது என்று ஒப்பிட்ட பிறகே மாறட்டும்.

இவை எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாற்பது ஐம்பது யூனிட்டுகளுக்கு நேரில் போய், கடந்த மாதம் யாருக்கெல்லாம் வேலை கொடுத்தீர்கள், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதி, சலான் பதிவோடு ஒப்பிடுங்கள். எந்த மாதிரி இணைப்பு விடுபடுகிறது என்பது அதில் தெரியும். சோதனைக்காக எதை மறைப்பது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.